கார் கம்பெனிகளின் போட்டி உண்மையில் எதைப் பற்றியது?

முகூர்த்த மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வந்தால் பெரிய வீட்டு வாசல்களில் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சென்னை வண்டி, கோயம்புத்தூர் வண்டி, மதுரை விமான நிலையத்திலிருந்து ஆள் ஏற்றி வந்த வாடகை வண்டி என்று எல்லாம் கலந்திருக்கும். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சு தானாகவே கார் பக்கம் திரும்பும். அப்போது மூன்று வாக்கியங்கள் எப்படியும் காதில் விழும்.

"இன்னைக்கு உலகத்துலயே பெரிய கார் கம்பெனி டெஸ்லாதான்." "ஃபோர்டு வண்டி சரியில்ல, அதான் நாட்ட விட்டே போயிட்டான்." "சீனாக்காரன் உள்ள வந்தா மத்தவன் எல்லாம் காலி."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் காரைப் பார்த்துச் சொல்லப்படுபவை. போட்டியைப் புரிந்துகொள்ள, காரை விட்டுவிட்டு அது பிறக்கும் ஆலையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரே ஒரு கணக்கு இருக்கிறது. கல்லூரிப் பாடம் எதுவும் படிக்காதவருக்கும் புரியும் கணக்குதான். அது பிடிபட்டால் செய்தித்தாளில் வரும் இணைப்பு, விலைக்குறைப்பு, ஆலை மூடல், வரி எல்லாம் ஒரே நூலில் கோத்தது போலத் தெரியும்.

பலகாரக் கடையின் கணக்கு

கோட்டையூரில் ஒருவர் செட்டிநாட்டுப் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு வாடகை, மாவு மெஷின், பெரிய அடுப்புகள், முறுக்கு பிழியத் தெரிந்த இரண்டு பேருக்குச் சம்பளம், பொட்டலம் போட ஓர் ஆள், வங்கிக் கடனுக்கு வட்டி. எல்லாம் சேர்த்து மாதம் 1 லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு கிலோ விற்றாலும் ஆயிரம் கிலோ விற்றாலும் இந்த 1 லட்சம் போயே தீரும். இதற்கு நிலையான செலவு என்று பெயர்.

அரிசி, உளுந்து, எண்ணெய், வெண்ணெய்ச் செலவு அப்படி அல்ல. செய்கிற அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். அது கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைப்போம்.

மாதம் 1,000 கிலோ விற்றால் நிலையான செலவு கிலோவுக்கு 100 ரூபாயாகப் பிரிந்துவிடும். சரக்குச் செலவோடு சேர்த்து ஒரு கிலோ 300 ரூபாய்க்கு அடங்கும். 400 ரூபாய்க்கு விற்றால் மாதம் 1 லட்சம் லாபம். அதே கடையில், அதே கைப்பக்குவத்தில், மாதம் 250 கிலோதான் விற்கிறது என்றால்? நிலையான செலவு கிலோவுக்கு 400 ரூபாய் ஆகிவிடும். அடக்கவிலை 600. 400 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு கிலோவிலும் 200 ரூபாய் கைநஷ்டம். தேன்குழலின் ருசியில் ஒரு குறையும் இல்லை. கடைதான் நிரம்பவில்லை.

இன்னொரு படி போவோம். அந்தக் கடைக்காரர் விலையை ஏற்ற முடியாது. ஏற்றினால் இருக்கிற வாடிக்கையும் போய்விடும். அவர் விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார். கிலோவை 250 ரூபாய்க்குக் கொடுத்தாலும் சரக்குச் செலவு 200 போக 50 ரூபாய் வாடகைக்கு ஆகுமே என்று நினைப்பார். அடுப்பைச் சும்மா போட்டு வைப்பதைவிட அது மேல். எதிர்க்கடையும் காலியாக இருந்தால் அவரும் குறைப்பார். இருவரும் நஷ்டத்தில் ஓடுவார்கள். வாங்குபவருக்கு மட்டும் கொண்டாட்டம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிலையான செலவு பெரியதாக இருக்கும் தொழிலில், சரக்கின் தரத்தைப் போலவே கடை நிரம்பியிருக்கிறதா என்பதும் லாபத்தைத் தீர்மானிக்கிறது. கடை காலியாக இருந்தால் விலை சரியும்.

கார் ஆலையில் அதே கணக்கு

கார்த் தொழிலில் நிலையான செலவு மிகப் பெரியது. இரும்புத் தகட்டை அழுத்திக் கதவும் கூரையும் ஆக்கும் பிரஸ் எந்திரங்கள், வெல்டிங் செய்யும் ரோபோக்கள், பெயின்ட் கூடம், பாகங்களைப் பூட்டும் நீண்ட வரிசை என்று ஓர் ஆலைக்கே பல ஆயிரம் கோடி போகும். அதற்கு முன்னால் ஒரு புது மாடலை வரைந்து, மாதிரி செய்து, மோதிப் பார்த்து, சாலையில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய சில ஆண்டுகளும் இன்னும் பெரும் பணமும் வேண்டும். முதல் காரை விற்பதற்கு முன்பே இந்தப் பணம் எல்லாம் செலவாகிவிடும்.

ஓர் ஆலை ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை கார் செய்ய முடியுமோ அது அதன் உற்பத்தித் திறன். ஏறக்குறைய 80 சதவீதத் திறனாவது ஓடினால்தான் ஆலை தாங்கும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குக் கீழே இறங்க இறங்க, கோட்டையூர்க் கடைக்கு 250 கிலோவில் நேர்ந்ததுதான் நேரும்.

2024 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் தன் தொழிலாளர்களிடம் பேசியபோது இதை அப்படியே சொன்னது. கொரோனாவுக்கு முன்பு இருந்ததைவிட ஐரோப்பியச் சந்தை சுருங்கிவிட்டது, அதில் எங்களுக்கு 5 லட்சம் கார் குறைகிறது, அது இரண்டு ஆலைகளுக்குச் சமம் என்றார் அதன் நிதித் தலைவர். ஆண்டுக்கு 90 லட்சம் கார் விற்கும் குழுமம் அது. அந்த டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி 2030-க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளைக் குறைக்க முடிவானது. அவ்வளவு விற்கும் நிறுவனம் ஏன் ஆளைக் குறைக்கிறது என்று கேட்டவர்களுக்கு விடை, விற்காமல் போன அந்த 5 லட்சத்தில் இருக்கிறது.

ஃபோர்டு ஏன் போனது?

நம் ஊர்ச் சாலைகளில் இன்றும் ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் ஓடுவதைப் பார்க்கிறோம். ஓட்டுபவர்களைக் கேட்டால் பெரும்பாலும் நல்ல வார்த்தைதான் வரும். ஆகவே "வண்டி சரியில்ல" என்பது விடை ஆகாது.

ஃபோர்டுக்கு மறைமலைநகரில் ஓர் ஆலை, குஜராத்தின் சானந்தில் இன்னோர் ஆலை. சானந்து ஆலைக்கு மட்டும் 100 கோடி டாலர் போட்டார்கள். ஆனால் இந்தியச் சந்தையில் அவர்களுடைய பங்கு கடைசியில் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. விற்க மாடல்கள் சிலவே. புதியவை மெதுவாக வந்தன. ஏற்றுமதி கைகொடுத்தும் இரண்டு ஆலைகளையும் நிரப்ப அது போதவில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, முந்தைய பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகிறது. சானந்து ஆலையை டாடா மோட்டார்ஸ் வரிகள் நீங்கலாக 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி 2023 ஜனவரியில் கையில் எடுத்தது. ஃபோர்டு போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதி. டாடாவுக்கு அப்போது விற்பனை ஏறிக்கொண்டிருந்தது, இடம் போதவில்லை. அதே கட்டடம் ஒருவருக்குச் சுமை, இன்னொருவருக்குத் தேவை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியதும் அதன் ஹாலோல் ஆலை சீன நிறுவனமான எஸ்ஏஐசியின் கைக்குப் போனது. இன்று எம்ஜி கார்கள் அங்கே பிறக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் தளேகாவ் ஆலையைப் பின்னால் ஹூண்டாய் வாங்கியது. பிரேசிலில் ஃபோர்டு 2021-ல் விட்டுப்போன கமசாரி ஆலை வளாகத்தில் இன்று சீனாவின் பிஒய்டி கார் செய்கிறது.

கார்ப் போட்டியின் தோல்வியும் வெற்றியும் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இந்த நான்கு ஆலைகளைத்தான் நான் காட்டுவேன்.

ஒரே மாவு, வேறு அச்சு

ஆலையை நிரப்ப ஒரு வழி, பிசைந்த மாவை வைத்தே பல பலகாரம் செய்வது. அச்சை மாற்றினால் வடிவம் மாறும். மாவு பிசையும் வேலையும் மெஷினும் ஒன்றுதான். கார்த் தொழிலில் இந்த மாவுக்குப் பிளாட்ஃபார்ம் என்று பெயர். வெளியே தெரியாத அடித்தளம், சக்கரங்கள் பொருந்தும் முறை, ஸ்டியரிங், எஞ்சின் உட்காரும் இடம் போன்றவற்றின் பொது வடிவமைப்பு அது. மேலே வேறு உடல், வேறு முகப்பு, வேறு பெயர்.

ஃபோக்ஸ்வாகன் 2012 முதல் எம்க்யூபி என்ற ஒரே அடித்தளத்தின் மேல் கோல்ஃப், ஸ்கோடா ஆக்டேவியா, ஆடி ஏ3 என்று பல கார்களைச் செய்துவருகிறது. நம் ஊரில் மாருதி பலேனோவையும் டொயோட்டா கிளான்சாவையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 2019-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் மாருதி செய்யும் காரைத்தான் டொயோட்டா தன் பெயரில் விற்கிறது. பதிலுக்கு மாருதியின் கிராண்ட் விட்டாரா கர்நாடகத்தின் பிடதியில் டொயோட்டா ஆலையில் பிறந்தது. ஷோரூமில் போட்டியாளர்கள், ஆலைக்குள் கூட்டாளிகள். இது ஏமாற்று வேலை என்று சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஏமாற்று இல்லை, இரண்டு ஆலைகளும் நிரம்ப எடுத்த முடிவு. வாங்குபவர் கேட்க வேண்டியது வாரன்ட்டி எவ்வளவு, பக்கத்தில் சர்வீஸ் எங்கே என்பதுதான்.

கம்பெனிகள் ஒன்றாகச் சேர்வதும் இதற்காகவே. ஃபியட், ஜீப் பெயர்களை வைத்திருந்த குழுமமும் பியூஜோ, சித்ரோன் குழுமமும் 2021 ஜனவரியில் இணைந்து ஸ்டெல்லான்டிஸ் ஆயின. 14 பிராண்டுகள் ஒரே கூரைக்குள். ஆனால் எல்லாக் கல்யாணமும் நடந்துவிடாது. ஹோண்டாவும் நிசானும் 2024 டிசம்பரில் இணைப்புப் பேச்சை அறிவித்தன. 2025 பிப்ரவரியில் கைவிட்டன. சில மாதங்கள் கழித்து நிசான் தன் 17 ஆலைகளை 10 ஆகக் குறைப்பதாகவும், 20,000 வேலைகளை நீக்குவதாகவும் சொன்னது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருந்த கூட்டு ஆலையில் தன் பங்கையும் கூட்டாளியான பிரான்ஸின் ரெனோவிடம் விட்டுக்கொடுத்தது.

டெஸ்லா பெரியதா?

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் எல்லாப் பங்குகளையும் இன்றைய விலைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகுமோ, அது அதன் சந்தை மதிப்பு. அந்தக் கணக்கில் டெஸ்லா 2020 ஜூலையில் டொயோட்டாவைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் டெஸ்லா விற்றது 4 லட்சத்துக்கும் குறைவான கார்; டொயோட்டா குழுமம் விற்றது 1 கோடிக்கு மேல். 2024-லும் டெஸ்லா சுமார் 17.9 லட்சம், டொயோட்டா குழுமம் சுமார் 1.08 கோடி.

சந்தை மதிப்பு என்பது நாளை என்ன ஆகும் என்று முதலீட்டாளர்கள் இன்று போடும் மதிப்பீடு. டெஸ்லா பங்கு வாங்குபவர் ஓட்டுநர் இல்லாத டாக்ஸியும் ரோபோவும் பெரும்பணம் கொண்டுவரும் என்று நம்பி வாங்குகிறார். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆலையில் இறங்கும் கார்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் டெஸ்லா நடுத்தர அளவு நிறுவனம்தான். முழு எலெக்ட்ரிக் காரில் மட்டும் அது முதலிடத்தில் இருந்தது. 2025-ல் அந்த இடத்தையும் பிஒய்டி பிடித்துவிட்டது.

பேட்டரி வந்ததும் ஆட்டம் எங்கே மாறியது?

இனி கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

நூறு ஆண்டுகளாகக் கார்த் தொழிலுக்குள் புதிதாக யாரும் எளிதில் நுழைய முடியாததற்கு எஞ்சின் ஒரு பெரிய காரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துல்லியமான பாகங்கள், அதிலும் பெட்ரோல் வெடித்து வெடித்துச் சூடேறும் நிலையில் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியவை. அந்தத் திறமை டொயோட்டாவிடமும் ஹோண்டாவிடமும் ஜெர்மானியர்களிடமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. எலெக்ட்ரிக் காரில் எஞ்சின் இல்லை. அசையும் பாகங்கள் மிகக் குறைவான ஒரு மோட்டார் இருக்கிறது. மோட்டார் செய்வது உலகத்துக்கே பழகிய வேலை. கடினமும் செலவும் பேட்டரிக்குப் போய்விட்டன. காரின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரை பேட்டரியே விழுங்கிவிடும்.

பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். வீட்டு மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்தான் அது. 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளும் கார் பேட்டரிக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனது. 2024-ல் உலகச் சராசரி ஏறக்குறைய 115 டாலர். 40 யூனிட் பேட்டரி உள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொண்டால், அன்று பேட்டரி மட்டும் 40,000 டாலருக்கு மேல். 2024-ல் சுமார் 4,600. எலெக்ட்ரிக் கார் திடீரென்று எங்கும் தென்பட ஆரம்பித்ததற்கு இந்த விலைச் சரிவே முதல் காரணம்.

இந்த விலையை இறக்கியவர்கள் யார்? பெரும்பாலும் சீனர்கள். பிஒய்டி 1995-ல் ஷென்ஷென் நகரில் கைப்பேசி போன்றவற்றுக்கான பேட்டரி செய்யத் தொடங்கிய நிறுவனம். 2003-ல்தான் கார்த் தொழிலுக்குள் வந்தது. சிஏடிஎல் 2011-ல் தொடங்கியது. கார் செய்வதே இல்லை, பேட்டரி மட்டும். இன்று உலகின் எலெக்ட்ரிக் வாகன பேட்டரியில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு நிறுவனங்கள் செய்பவை. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் என்ற வகையை அவர்கள் பெரிய அளவில் எடுத்தார்கள். விலை உயர்ந்த நிக்கலும் கோபால்ட்டும் அதில் கிடையாது, இரும்பும் பாஸ்பேட்டும் இருக்கும். எடை கொஞ்சம் கூடும், ஆனால் மலிவு. எளிதில் தீப்பிடிக்காது, நீண்ட நாள் உழைக்கும். நம் நாட்டில் விற்கும் எலெக்ட்ரிக் கார்கள் பலவற்றில் இருப்பதும் இந்த வகைதான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயம் தொலைதூரத்துச் செய்தியாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பேட்டரி என்பது மின்வேதியியல். இந்தியாவில் அதற்கென்றே உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது, நாம் சிக்ரி என்று சொல்லும் அதே இடம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அப்போது சிஏடிஎல்லும் கிடையாது, பிஒய்டியும் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தில் தெரிந்த ஒன்றைக் கோடிக்கணக்கில் செய்து விலையை இறக்குவது வேறு வேலை. அதற்கும் ஆலை வேண்டும், ஆலை நிரம்ப வேண்டும். சீனா அந்த இரண்டாவது வேலையைச் செய்தது, நாம் இன்னும் செய்யவில்லை. ஆண்டுதோறும் சிக்ரியில் படித்து வெளியே போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது.

பேட்டரி மட்டும் அல்ல. மோட்டாருக்குள் இருக்கும் சக்திவாய்ந்த காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதிலும் சீனாவின் கை ஓங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்நாடு இவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது ஜப்பானில் சுசுகி தன் ஸ்விஃப்ட் உற்பத்தியைச் சில நாட்கள் நிறுத்த வேண்டி வந்தது.

ஆக, இரண்டு விஷயம் சேர்ந்துவிட்டது. ஆலையை நிரப்ப வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. அதோடு, காரின் விலையுயர்ந்த பாகத்தைச் சொந்தமாகச் செய்கிறாயா, வெளியே வாங்குகிறாயா என்ற புதிய கேள்வி வந்திருக்கிறது.

சீனக் கார் ஏன் மலிவு?

"கூலி கம்மி, தரம் கம்மி" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ரோபோக்கள் நிறைந்த ஆலையில் கூலி முழு விளக்கம் ஆகாது. தரமும் ஏறிவிட்டது, ஐரோப்பாவின் மோதல் பரிசோதனையில் சீனக் கார்கள் பல ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன.

பேட்டரி உள்நாட்டில் மலிவாகக் கிடைப்பது முதல் காரணம். அரசு பல ஆண்டுகள் எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களுக்கு மானியம் கொடுத்தது. மாகாண அரசுகள் நிலமும் கடனும் கொடுத்து ஆலைகளை இழுத்தன. விளைவு, நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகள், தேவைக்கு மிஞ்சிய ஆலைகள். கோட்டையூரில் ஒரே தெருவில் பத்துப் பலகாரக் கடை திறந்து, எல்லாம் பாதி காலியாகக் கிடந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 2023 தொடக்கத்தில் டெஸ்லா விலையைக் குறைத்ததும் விலைப்போர் மூண்டது. 2025 மே மாதத்தில் பிஒய்டி ஒரே நாளில் 22 மாடல்களின் விலையை இறக்கியது. சிலவற்றில் 34 சதவீதம் வரை. இப்படியே போனால் தொழிலே கெட்டுவிடும் என்று சீன அரசே நிறுவனங்களைக் கூப்பிட்டு எச்சரித்தது.

உள்நாட்டில் விற்காத கார் கப்பல் ஏறுகிறது. 2023-ல் சீனா ஜப்பானைத் தாண்டி உலகின் முதல் கார் ஏற்றுமதி நாடு ஆனது. இன்னொரு பக்கம், சீனாவில் பெரும் லாபம் பார்த்துவந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் அங்கே வாடிக்கையை இழந்தன. அதே 2023-ல் அங்கே அதிகம் விற்கும் பிராண்டு என்ற இடத்தை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து பிஒய்டி பறித்தது.

இதற்கு மற்ற நாடுகள் சொன்ன பதில் வரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் சீன எலெக்ட்ரிக் கார்களுக்கு ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனத்தைப் பொறுத்து 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டது. அமெரிக்கா அதே ஆண்டில் 100 சதவீதம் ஆக்கியது. இந்தியா நீண்ட காலமாகவே முழுதாக இறக்குமதி ஆகும் கார்களுக்கு மிக உயர்ந்த வரி போட்டுவந்த நாடு. போதாததற்கு, 2020 முதல் நிலஎல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதியும் வேண்டும். ஆகவே "சீனாக்காரன் உள்ள வந்தா" என்பதில் அந்த "வந்தா" பெரிய சொல்.

வரி காரைத்தான் தடுக்கும், ஆலையைத் தடுக்காது. பிஒய்டி ஹங்கேரியில் ஆலை கட்டுகிறது. ஐரோப்பியர்களோ சீனர்களிடமே கற்கப் போகிறார்கள்: ஸ்டெல்லான்டிஸ் சீனாவின் லீப்மோட்டாரில் பங்கு வாங்கியது, ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்பெங்கில் வாங்கியது. 1984-ல் ஷாங்காயில் கூட்டு ஆலை தொடங்க ஒப்பந்தம் போட்டபோது தொழில்நுட்பம் ஜெர்மனியிலிருந்து சீனாவுக்குப் போனது. நாற்பது ஆண்டில் அதன் திசை திரும்பியிருக்கிறது.

அப்படியானால் பழைய கம்பெனிகள் காலியா?

இல்லை என்றுதான் நான் சொல்வேன். உலகம் ஒரே வேகத்தில் மாறவில்லை. நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எலெக்ட்ரிக். சீனாவில், எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த, சார்ஜ் போடும் ஹைப்ரிடையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதி. இந்தியாவில் அதே ஆண்டில் நூற்றுக்குச் சில மட்டுமே. அமெரிக்கா 2025 செப்டம்பரோடு எலெக்ட்ரிக் கார் வாங்குபவருக்கான 7,500 டாலர் வரிச்சலுகையை நிறுத்திவிட்டது. சலுகை இருக்கும் என்று நம்பி எலெக்ட்ரிக்குக்காகவே ஆலை கட்டியவர்கள் இப்போது காலி வரிசைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரப்பட்டவருக்கும் அதே நஷ்டம், தாமதித்தவருக்கும் அதே நஷ்டம்.

டொயோட்டா இதில் எடுத்த நிலைப்பாட்டைப் பலர் கேலி செய்தார்கள். 1997-ல் பிரியஸ் மூலம் அது கொண்டுவந்த ஹைப்ரிட் முறையில் பெட்ரோல் எஞ்சினும் சிறிய பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்யும். முழு எலெக்ட்ரிக்குக்கு மெதுவாகப் போகிறது என்ற குறை உண்மை. ஆனால் எந்த நாடு எந்த வேகத்தில் மாறினாலும் ஏதாவது ஒரு வகைக் காரால் தன் ஆலையை நிரப்பிக்கொள்ளும் இடத்தில் அது நிற்கிறது. ஹூண்டாய்-கியாவும் ஓரளவு அப்படியே.

எனக்குக் கவலை தருபவை நடுவில் மாட்டிக்கொண்டவை. பேட்டரி சொந்தமாக இல்லை, சீனச் சந்தையில் இடம் போய்விட்டது, அளவும் சிறியது. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் கம்பெனிகள் அடுத்த பத்தாண்டில் தனியாக நிற்பது கடினம். சீனாவின் நூற்றுக்கணக்கான பிராண்டுகளிலும் பெரும்பகுதி மறையும். அப்படி மறையும்போது அந்தக் காரை வாங்கியவருக்கு உதிரிபாகமும் மென்பொருள் புதுப்பிப்பும் யார் தருவார் என்ற கேள்வி எழும். புதுப் பெயரில் கார் வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

உதிரிபாகத் தொழிலையும் மறக்கக் கூடாது. பிஸ்டன், சைலன்சர், எரிபொருள் பம்ப் செய்பவர்களுக்கு எலெக்ட்ரிக் காரில் வேலை இல்லை. டயர், கண்ணாடி, சீட், பிரேக் செய்பவர்களுக்கு உண்டு. பள்ளத்தூரை வேராகக் கொண்ட முருகப்பா குழுமம் சைக்கிளும் இரும்புக் குழாயும் செயினும் செய்து வளர்ந்தது. இன்று மோன்ட்ரா என்ற பெயரில் எலெக்ட்ரிக் ஆட்டோ செய்கிறது. எல்லாச் சிறு பட்டறைகளாலும் அப்படித் திரும்ப முடியாது. ஐடிஐ, பாலிடெக்னிக்கில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் எஞ்சின் மெக்கானிக் பாடத்தோடு மின்சுற்றும் பேட்டரிப் பராமரிப்பும் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

தூத்துக்குடியைக் கவனியுங்கள்

நம் தென்மாவட்டங்களுக்கு முதல் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கட்டியது. எலெக்ட்ரிக் கார் மட்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 செய்யும் திறன், பின்னால் 1.5 லட்சம் வரை கூட்டும் திட்டம். வின்ஃபாஸ்ட் இன்னும் லாபம் பார்க்காத இளம் நிறுவனம். தாய்க் குழுமத்தின் பணத்தில் ஓடுகிறது. மறுபக்கம், மறைமலைநகரில் ஃபோர்டு 3,250 கோடி ரூபாயில் 2029 முதல் ஏற்றுமதிக்காக எஞ்சின் செய்யப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. ஒரே மாநிலத்தில் ஒருவர் பேட்டரிக் காருக்கு ஆலை திறக்கிறார், இன்னொருவர் எஞ்சினுக்காகத் திரும்பி வருகிறார். இருவரும் தங்கள் கணக்கைப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

திறப்பு விழாப் படங்களை வைத்து எதையும் சொல்ல முடியாது. தூத்துக்குடி வரிசையிலிருந்து ஆண்டுக்கு எத்தனை கார் இறங்குகிறது, அதில் எத்தனை பக்கத்திலிருக்கும் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது என்ற இரண்டு எண்களைத்தான் நான் இனி தேடிப் படிக்கப் போகிறேன். 50,000-த்தில் 40,000 தொட்டால் அங்கே வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளைகள் நிம்மதியாக வீட்டுக் கடன் வாங்கலாம்.